சேலையில் படிந்த வெண்பிசுக்கு: வீட்டு சோப்புத்தூளுக்குக் கண்ட தீர்வு

காரைக்குடி போர் தண்ணீரில் வீட்டில் செய்த சோப்புத்தூள் நுரைக்கவில்லை; கண்டாங்கிச் சேலையில் வெளிறிய திட்டுகள் ஒட்டின. தூளில் குறையில்லை. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகின்றன.

தூளுக்காகச் சலவை சோடாவையும் சோப்பையும் ஒன்றாகக் கலந்து வைப்பதை நிறுத்தியதும் சரியானது. 15 லிட்டர் வாளித் தண்ணீரில் முதலில் 1 மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து, கால் மணி நேரம் விடவும். பிறகே, துருவி நிழலில் காயவைத்த தேங்காயெண்ணெய் சோப்பு 2 மேசைக்கரண்டி, வெந்நீரில் கரைத்து ஊற்றவும். இந்த வரிசைதான் உயிர்நாடி: சோடா முதலில் அந்தக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டால்தான் சோப்பு பிசுக்காகாது.

நுரை நிற்கவில்லையா? சோப்பைக் கூட்டாதீர்கள், சோடாவை அரை மேசைக்கரண்டி கூட்டுங்கள். ஆப்ப சோடா உதவாது, காரம் போதாது. பட்டுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். முற்றத்து அண்டாவில் பிடித்த மழைநீர் என்றால் சோடா பெயருக்குப் போதும்.