கணினிக்குச் சத்தம் போடாத பவர் சப்ளை வேண்டுமென்றால்

பெட்டியில் ‘80 பிளஸ் கோல்ட்’ என்று போட்டிருந்தால் சத்தம் வராது என்று நினைக்காதீர்கள், அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. ஆனாலும் தொடர்பு உண்டு. கேம் ஓடும்போது கணினி 400 வோட் இழுக்கிறது என்று வைத்தால், 85 சதவீதத் திறனுள்ள சப்ளை 70 வோட் அளவுக்கு வெப்பமாகக் கக்கும், 90 சதவீதத் திறனுள்ளது 44 வோட்தான். வெப்பம் குறைந்தால் ஃபேனும் மெதுவாகச் சுற்றும்.

சத்தத்துக்கென்றே சைபெனெட்டிக்ஸ் என்ற சோதனை நிறுவனம் தரும் லாம்டா தரப்படுத்தல் தனியாக இருக்கிறது. அதில் ஏ பிளஸ் என்றால் 15 முதல் 20 டெசிபல். மொடல் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.

வோட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். அதே கணினிக்கு 450 வோட் சப்ளை போட்டால் நெல்மூட்டை ஏற்றிய லேண்ட்மாஸ்டர் மாதிரித்தான் கத்தும். 650, 750 என்றால் நிதானமாக ஓடும்.

குறைந்த சுமையில் ஃபேன் நின்றுவிடும் வசதி நல்லதுதான், ஆனால் மட்டக்களப்பு மே மாத வெக்கையில், அதுவும் ஏசி இல்லாத அறையில், அது சீக்கிரமே சுற்றத் தொடங்கிவிடும். அதனால் 135 அல்லது 140 மில்லிமீற்றர் ஃபேன் உள்ளதாக, ஃபுளூயிட் பேரிங் (எண்ணெய்ப் படலத்தில் சுழலும் வகை) உள்ளதாகப் பாருங்கள். கல்லடி, கல்முனை என்று கடலோரம் இருப்பவர்கள் கேஸின் அடியிலுள்ள தூசு வலையை மாதமொருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

அப்புறம், ‘கீச்’ என்று மெல்லிய சத்தம் வந்தால் அது பெரும்பாலும் ஃபேன் இல்லை, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (coil) அதிர்வது. வாரண்டியில் மாற்றித் தரக் கேளுங்கள், நீங்களே திறக்கவேண்டாம், பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே கப்பாசிட்டரில் கரண்ட் இருக்கும்.