பழைய பாட்டு ரசிகர்களுக்கு ஒரு போலந்துப் பாடகியை அறிமுகப்படுத்துவது எப்படி?

கோலாலம்பூரில் பழைய பாட்டு ரசிகர்கள் கூடினால் அதே பாகவதர், அதே சின்னப்பா, அதே கதைகள். அடுத்த முறை உங்களுக்கு அரை மணி நேரம் கிடைத்தால் ஹன்கா ஓர்டொனூவ்னாவை எடுத்துக்கொண்டு போங்கள். போலந்துத் தலைநகர் வார்சாக்காரர், நடிகை, பாடகி. ஊரில் செல்லமாக ஓர்டொன்கா.

"1902-இல் பிறந்தார், இயற்பெயர் மரியா அன்னா பியெத்ருஷின்ஸ்கா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்து வந்தவர்கள் இரண்டே நிமிடத்தில் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். பாட்டைப் போடுங்கள் முதலில்.

எந்தப் பாட்டு? 1933-இல் வந்த 'முகமூடி அணிந்த உளவாளி' படத்தில் அவர் பாடியது, காதல் உன்னை எல்லாவற்றுக்கும் மன்னிக்கும் என்று தொடங்கும். வரிகள் கவிஞர் யூலியன் துவிம், இசை ஹென்ரிக் வார்ஸ். தமிழில் தட்டித் தேடினால் கிடைப்பது கஷ்டம். விக்கிப்பீடியாவில் அவர் பக்கத்துக்குப் போய், மொழிப் பட்டியலில் போலிஷைத் தேர்ந்தெடுத்து, பெயரையும் பாட்டின் தலைப்பையும் அங்கிருந்தே நகலெடுத்து யூடியூபில் ஒட்டுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: 1981-இல் அவர் வாழ்க்கையை வைத்து, அந்தப் பாட்டின் முதல் வரியையே தலைப்பாக்கி ஒரு படம் எடுத்தார்கள். அதில் நடித்தவர் டொரோத்தா ஸ்தாலின்ஸ்கா, பாடியவர் ஹன்னா பனாஷாக். ஒலி சுத்தமாக, இரைச்சலே இல்லாமல் கேட்டால் பெரும்பாலும் அதுதான், ஓர்டொன்கா இல்லை!

பாட்டு முடிந்ததும் கே.பி. சுந்தராம்பாளைப் பற்றிப் பேச்சை எடுங்கள், கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அவர் கணவர், நாடக நடிகர் கிட்டப்பா மறைந்தது அதே 1933-இல்; சுந்தராம்பாள் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கியதாகச் சொல்வது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. இரண்டு பேருமே மேடையில் வளர்ந்து சினிமாவுக்கு வந்தவர்கள். ஆனால் நம்மவர் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை எட்டிய குரல், ஓர்டொன்காவுக்கு அப்படிப் பெரிய குரல் கிடையாது, பாதி பாடி பாதி பேசி, ஒவ்வொரு வரியையும் நடித்தே கடத்துவார். எனக்கென்னவோ அதுதான் கஷ்டமான வித்தை என்று படுகிறது, கூட்டத்தில் யாராவது சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

அப்புறம் மேடைக் கதை. ஓர்டொன்கா நடனக்காரியாகத் தொடங்கினார், பெயர் வாங்கியது வார்சாவின் 'க்வி ப்ரோ க்வோ' கபரேயில், அதாவது பாட்டும் நகைச்சுவையும் கலந்த மேடை அரங்கில். ஹங்கேரிப் பின்னணி கொண்ட ஃப்ரிடெரிக் யாரோஷி அங்கே மேடையைத் தொகுத்து வழங்கியவர், இவரைச் செதுக்கியவரும் அவர்தான் என்பார்கள். 1931-இல் மிகாவ் திஷ்கியேவிச் என்ற பிரபுவைத் திருமணம் செய்துகொண்டார். திருமணக் கதையை ஒரு வரியில் தாண்டிவிடுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்கு மட்டும் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். ஜெர்மானியர்கள் பிடித்து வார்சாவின் பாவியாக் சிறையில் போட்டார்கள்; வெளியே வந்து வில்னியஸ் போனால் அங்கே சோவியத் கைது, உழைப்பு முகாம். 1941-இல், சிறைப்பட்ட போலந்துக்காரர்களை விடுவிக்கச் செய்த போலந்து-சோவியத் ஒப்பந்தத்துக்குப் பிறகு விடுதலை. காசநோயோடு, அனாதைகளாக நின்ற போலந்துக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பம்பாய்வரை வந்திருக்கிறார். அப்படி வந்த பிள்ளைகளுக்கு குஜராத்தில் ஜாம்நகர் பக்கம் பாலாச்சடியில் நவாநகர் மகாராஜா முகாம் அமைத்துக் கொடுத்தார். வார்சாவில் இன்றும் 'நல்ல மகாராஜா' பெயரில் ஒரு சதுக்கம் உண்டு. இந்த இடத்தில் நம் பெரியவர்கள் சிலருக்குச் ஜப்பானியர்கள் ஆட்களைப் பிடித்துப் போட்டுக் கட்டிய சயாம் மரண ரயில் ஞாபகம் வரும், 1942, 43 அதே வருஷங்கள், தோட்டத்திலிருந்து கொண்டுபோன அப்பா, தாத்தா கதைகள். பேச விடுங்கள், நேரம் போனாலும் குறுக்கே போகாதீர்கள்.

கேள்வி நேரத்தில் "அவர் எழுதியது ஏதாவது?" என்று கேட்டால், அந்தக் குழந்தைகளைப் பற்றிய புத்தகம் 1948-இல் பெய்ரூத்தில் வெரோனிகா ஹோர்ட் என்ற புனைபெயரில் வந்தது. 1950-இல் அங்கேயே இறந்தார். 1990-இல்தான் அவர் உடல் எச்சங்களை வார்சாவின் போவோன்ஸ்கி கல்லறைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒலிபெருக்கியை முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். 78 சுழற்சி இசைத்தட்டுப் பதிவுக்கு அடித்தொனியை (பேஸ்) குறைத்து வைத்தால்தான் வரிகள் தெளிவாகக் கேட்கும், மண்டபத்தில் கல்யாணத்துக்கு வைக்கிற பெரிய பெட்டிகளைத் தொடவே வேண்டாம்.