கடலோரத்தில் தூசிமானி வைத்தால் எண்ணை எப்படிப் படிப்பது?

மட்டக்களப்பின் கல்லடியிலோ காத்தான்குடியிலோ கடலுக்குக் கிட்ட ஒரு மலிவான லேசர் தூசிமானியை வைத்துப் பாருங்கள். இரவு போகப்போக எண் ஏறும், வெயில் ஏறியதும் இறங்கும். யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று முடிவுகட்டுவதற்கு முன் ஈரப்பதனைப் பார்க்க வேண்டும். ஏறியதில் ஒரு பங்கு வெறும் தண்ணீராக இருக்கலாம்.

இந்தச் சென்சர் தூசியை நிறுப்பதில்லை. துணிக்கையில் பட்டுச் சிதறும் ஒளியை அளந்து, அதிலிருந்து எடையை ஊகிக்கிறது. கடலுப்புத் துணிக்கை, ஈரப்பதன் 75 வீதத்தைத் தொட்டதும் காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைந்து துளியாகப் பருக்கிறது. திரும்பக் காய்வதற்கு ஈரப்பதன் ஏறக்குறைய 45 வீதத்துக்கு இறங்க வேண்டும். கரையோரத்தில் அது எல்லா நாளும் நடக்கிற காரியமல்ல. அதனால் பகலில் சுருங்கினாலும் அந்தத் துளிகள் துளிகளாகவே மிதக்கும்.

வாங்க வேண்டியவை: பிளான்டவர் பிஎம்எஸ் 5003 சென்சர் இரண்டு, ஈரப்பதனும் வெப்பநிலையும் அளக்கும் பிஎம்இ 280 ஒன்று, அளவுகளை வாசித்துப் பதியும் இஎஸ்பி 32 சிறுகணினிப் பலகை ஒன்று, 5 வோல்ற் போன் சார்ஜர் ஒன்று. எதற்கு இரண்டு? ஒன்று பழுதானால் மற்றதோடு ஒப்பிட்டுத்தான் அது தெரியவரும். சென்சருக்கு 5 வோல்ற் மின்சாரம் கட்டாயம், குறைந்தால் விசிறி சரியாகச் சுற்றாது. தரவுக் கம்பிகள் 3.3 வோல்ற்றில் இயங்குபவை, தரவு வேகம் செக்கனுக்கு 9600 பிற். மின்சாரம் கொடுத்ததும் வரும் முதல் 30 செக்கன் அளவுகளை எறிந்துவிடுங்கள்.

இவற்றை வைக்கும் கூட்டுக்கு 4 அங்குல பிவிசி பைப் ஓர் அடித் துண்டு போதும். மேலே மூடி, கீழே திறப்பு, திறப்பில் நுளம்பு வலை. சென்சரின் காற்று உள்வாங்கும் துளையும் வெளிவிடும் விசிறியும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். நடுவே ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வைக்காவிட்டால் விட்ட காற்றையே திரும்ப இழுக்கும். பலகையின் சூடு ஈரப்பதனைக் குறைத்துக் காட்டாமலிருக்க, பிஎம்இ 280ஐக் கீழேயும் பலகையை மேலேயும் பொருத்துங்கள்.

நிலத்திலிருந்து 2 முதல் 3 மீற்றர் உயரம் நல்லது. குசினிப் பக்கம் வேண்டாம். கடலைப் பார்த்த சுவரும் வேண்டாம், அலைத்தூவானம் நேரே வந்து படியும். பலகையின் இணைப்புகளில் நகப்பூச்சு பூசிவிட்டால் உப்பில் பச்சை பூப்பது தள்ளிப்போகும். சென்சரின் துளைகளிலும் பிஎம்இ 280இன் சிறு துளையிலும் மட்டும் அது படக்கூடாது.

அடுத்தது திருத்தம். சென்சர் தரும் எண்களில் 'சிஎஃப் 1' என்ற நிரலை எடுத்து, இரண்டு சென்சர்களின் சராசரியையும் கூட்டுக்குள் உள்ள ஈரப்பதனையும் மணித்தியாலக் கணக்கில் எடுங்கள். அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் இதே வகைச் சென்சருக்குக் கொடுத்த சூத்திரம் இது (பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட நுண்தூசி):

திருத்திய பிஎம் 2.5 = 0.524 × சென்சர் எண் − 0.0862 × ஈரப்பதன் + 5.75

சென்சர் 40, ஈரப்பதன் 85 என்றால் விடை கன மீற்றருக்கு ஏறக்குறைய 19.4 மைக்ரோகிராம். பாதிக்கும் கீழே! இது அமெரிக்கக் காற்றுக்கு வகுத்தது, நமது வாவிக்கரைக்கு அல்ல. ஆகவே நாளுக்கு நாள் ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள், சட்டச் சான்றாக நீட்டாதீர்கள். பிஎம் 10 (10 மைக்ரோமீற்றர் வரையான தூசி) நிரலை விட்டுவிடுங்கள். பருந்தூசியை இந்தச் சென்சர் சரியாகப் பிடிப்பதில்லை.

ஒப்பிடுவதற்கான எல்லைகள்: பிஎம் 2.5க்கு 24 மணித்தியாலச் சராசரியாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம். இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமம் 50.

புகையா நீரா என்று பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. ஈரப்பதன் 75இலிருந்து 90க்கு மெல்ல ஏற, எண்ணும் கூடவே மெல்ல ஏறினால் பெரும்பாலும் நீர். ஈரப்பதன் அசையாமல் நிற்க, எண் சில நிமிடங்களில் 25இலிருந்து 70க்குப் பாய்ந்தால் புகை. காற்று அடங்கிய இரவில் அந்தப் புகை தாழ்வாகவே தேங்கி நிற்கும்.

காற்றின் திசையையும் குறிக்காவிட்டால் பதிவேடு அரைகுறைதான். கச்சான் காற்று (கொறிக்கிற கச்சான் அல்ல!) வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கமிருந்து வரண்டு, சூடாக வீசும். அப்போது ஈரப்பதன் விழுவதால் நுண்தூசி எண்ணை ஓரளவு நம்பலாம். வயல் அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிக்கும் நாள்களில் அதே திசை கடலோரமான எழுவான்கரைக்குப் புகையையும் கொண்டுவரும். பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் எண் சட்டென்று இறங்கினால், தூசி உள்நாட்டுப் பக்கத்தது என்று கொள்ளலாம். வாடைக்காலம் (வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம்) வேறு கதை. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலையொட்டி இந்தியப் பக்கத்து மாசு இலங்கை முழுவதும் பரவியதுபோல, பக்கத்தில் ஒரு நெருப்பும் இல்லாமலே எண் ஏறலாம். அயல் ஊர்ச் சென்சர்களும் சேர்ந்தே ஏறுவதுதான் அதற்கு அடையாளம்.

பழுதுகளில் முதலிடம் எறும்புக்கும் சிலந்திக்கும். எண் பூச்சியத்தில் ஒட்டிக்கிடந்தாலோ காரணமில்லாமல் நூற்றுக்கணக்கில் எகிறினாலோ கூட்டைத் திறந்து பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைப்பம்பினால் மெதுவாக ஊதினால் போதும். ஈரத்துணி வேண்டாம், சென்சரின் திருகாணிகளைக் கழற்றவும் வேண்டாம். இரண்டு சென்சர்களும் பிரியத் தொடங்கினால் கூட்டிலிருந்து ஓரடி தள்ளி ஓர் ஊதுபத்தியைக் கொளுத்துங்கள். எண் தாமதமாக ஏறுகிறதும் விசிறி கரகரக்கிறதும் எதுவோ அதை மாற்றுங்கள்.