எல்.டி.எல். 97 ஆக இருந்து 139 ஆனது ஏன்: என் அனுபவம்

மூன்று வார இடைவெளியில் எடுத்த இரண்டு இரத்தப் பரிசோதனைகளில் எனது எல்.டி.எல். எனப்படும் 'கெட்ட' கொழுப்பு (கொலஸ்ட்ரால்) 97இலிருந்து 139 ஆக (மி.கி./டெ.லி.) ஏறியிருந்தது. இத்தனைக்கும் உணவிலோ உழைப்பிலோ எந்த மாற்றமும் இல்லை. முதலில் சமையல் எண்ணெயைச் சந்தேகித்தேன், பிறகு ஆய்வகத்தையே சந்தேகித்து வேறோர் இடத்தில் சோதித்தேன். அங்கும் 137 என்றே வந்தது.

இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்தபோதுதான், முதல் அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் 'கணக்கிடப்பட்டது' என்றும் 'சீரம் கலங்கல்' (இரத்தத்தின் நீர்ப்பகுதி கலங்கியிருந்தது) என்றும் இருந்ததைக் கவனித்தேன். பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்.டி.எல். என்னும் 'நல்ல' கொழுப்பையும், டிரைகிளிசரைடு என்னும் வேறு வகை இரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் பெறுகிறார்கள்; 1972இல் வெளியான ஃப்ரீட்வால்ட் சூத்திரம் அது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அதைப் பயன்படுத்தவே கூடாது. அதை நெருங்கும்போதே பிழை பெருகி, எல்.டி.எல். உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

முதல் சோதனையில் என் டிரைகிளிசரைடு 385. முந்தைய இரவு விருந்தில் நேரங்கழித்து உண்டு, ஏழே மணி நேரத்தில் இரத்தம் கொடுத்திருந்தேன். 212 − 38 − 77 = 97. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி இருந்த இரண்டாம் சோதனையில் டிரைகிளிசரைடு 160; 210 − 39 − 32 = 139. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் 174, 171. ஏறக்குறைய ஒன்றே! பட்டினியைப் பெரிதும் சாராத இந்த எண், தமனியடைப்புக்குக் காரணமான எல்லாத் துகள்களின் கொழுப்பையும் உள்ளடக்கியது.

நேரடி அளவீட்டு முறையில் மீண்டும் சோதித்ததில் 136 வந்தது. ஏமாற்றியது 97தான் என்று உறுதியானதும், புதிய அறிக்கையோடு மருத்துவரைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கினேன்.