மருந்துப் பெட்டி யார் வீட்டில்?
ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், நாலைந்து வீடுகளே உள்ள ஊரில் தங்கப் போகிறீர்களா? போனதும், விமானத்தில் வந்து சிகிச்சை தரும் பறக்கும் டாக்டர் சேவையின் மருந்துப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். 1928-இல் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியில் தொடங்கிய சேவை இது. பெட்டிக்குள் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண் உண்டு. உடம்புக்கு முடியாமல் சேவைக்குப் போன் செய்தால், டாக்டர் அந்த எண்ணைத்தான் சொல்வார். பதற்றத்தில் வாயில் நுழையாத மருந்துப் பெயரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவர் சொல்லாமல் நாமாக எடுத்து விழுங்கக் கூடாது. பல இடங்களில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது, சாட்டிலைட் போன் இருந்தால் நல்லது. அப்புறம், ராத்திரியில் விமானம் வருவதாக இருந்தால், முதலில் ஓடுபாதையில் வண்டி ஓட்டி கங்காருக்களை விரட்ட வேண்டும். அதுவும் ஊர்க்காரர்கள் வேலைதான்!