அவுட்போர்டு கார்புரேட்டர் டியூனிங்: பிஸ்டனைக் காவு வாங்கும் தவறுகள்

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு படகு இன்ஜினா என்று கேட்கிறவர்களுக்கு: தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் தொண்டி வந்துவிடும். சிலிண்டர் போர் அடிக்கவும் கிராங்க் வேலைக்கும் அங்கிருந்து என் பட்டறைக்கு இன்ஜின்கள் வருகின்றன. வேகத்துக்காக டியூன் பண்ணிய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்பக்கம் மாட்டும் இன்ஜின்) வந்தால் அது தேய்ந்து வந்ததாகப் பெரும்பாலும் இருக்காது, கெடுத்துக் கொண்டுவந்ததாக இருக்கும். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் அதே நாலைந்து தவறுகளையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பழைய பெட்ரோல், அடைத்த ஃபில்டர் மாதிரி எல்லாருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

ஆயில் கூட ஊற்றினால் ரிச் ஆகும் என்று நினைப்பது

"லீனா ஓடுதுண்ணே, அதான் ஆயில் கொஞ்சம் கூட ஊத்திட்டேன்" என்று சொல்லாத தம்பி இல்லை. லீன், ரிச் என்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கு, பெட்ரோல் குறைந்தால் லீன், கூடினால் ரிச். பெட்ரோல் 50 பங்குக்கு ஆயில் 1 பங்கு என்பது உராய்வுக்கான கணக்கு. ஆயில் கூடினால் ஒரு லிட்டரில் இருக்கும் பெட்ரோல் குறைகிறது, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டோ அதே ஜெட்தான். ஆகக் கலவை இன்னும் லீன் பக்கம்தான் நகரும். மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதை ஊற்றுங்கள், புது பிஸ்டன் பழகும்வரைக்கும் அதில் சொல்லியிருக்கும் கூடுதல் அளவை மட்டும் சேருங்கள்.

தொட்டியில் வைத்து மெயின் ஜெட் பார்ப்பது

நம் ஊரில் கடல் கிடையாது, கோடையில் கண்மாயிலும் தண்ணீர் இருக்காது. அதனால் டிரம்மில் இன்ஜினை இறக்கி முறுக்கிப் பார்க்கிறார்கள். டிரம்மில் புரொப்பெல்லர் நுரையைத்தான் கடைகிறது, இன்ஜினுக்கு லோடே இல்லை. மெயின் ஜெட் முக்கால் திராட்டிலுக்கு மேல்தான் முழுசாக வேலை செய்யும். டிரம்மில் ஸ்டார்ட்டிங் பாருங்கள், கூலிங் தண்ணீர் பீய்ச்சுகிறதா பாருங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது

இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த சீசனில் இன்னொரு பிஸ்டன் இதே காரணத்தால் வந்து என் மேசையில் உட்கார்கிறது.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். தொண்டிப் பக்கம் ஃபுல் திராட்டிலில் ஓட்ட வேண்டுமானால் உள்ளே போக வேண்டும், திரும்பும்போது பாசியும் மணலும் இருக்கும் இடத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டுதான் வர முடியும். அந்த மெதுவான ஓட்டத்தில் பிளக்கில் கறுப்பு ஏறிவிடுகிறது, கறுப்பு என்றால் ரிச் என்று அர்த்தம். கரையில் கழற்றிப் பார்க்கும் தம்பி அதை மெயின் ஜெட்டின் நிறம் என்று எடுத்துக்கொள்கிறார். அவர் பார்ப்பது ஐடிலின் நிறம், மெயின் ஜெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அண்ணன் தம்பி இருவர் 40 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இளம் மெக்கானிக் ஒருவர் கரையில் பிளக்கைப் பார்த்துவிட்டு ஜெட்டை ஒரு நம்பர் குறைத்திருக்கிறார் (நம்பர் குறைந்தால் துளை சின்னது, பெட்ரோல் குறைவு). படகு முன்னைவிட நன்றாகப் பறந்தது. மறுபடி கரை, மறுபடி கறுப்பு பிளக், இன்னொரு நம்பர் குறைத்தாயிற்று. இன்னும் வேகம். மூன்றாம் முறை நடுக்கடலில், கை வைக்காமலேயே ஆர்.பி.எம். லேசாக ஏறியிருக்கிறது, அப்புறம் கையால் பிடித்து நிறுத்தியதுபோல நின்றுவிட்டது. நான் திறந்தபோது மேல் சிலிண்டர் பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் அலுமினியம் உருகி இழுபட்டு, ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பிஸ்டன், ரிங், போர், கேஸ்கெட் என்று அந்தக் குடும்பத்துக்கு ஒரு மாதச் சம்பாத்தியம் போனது, தொழிலுக்குப் போகாத நாட்கள் தனி. அந்த மெக்கானிக் கடைசிவரை "பிளக் கறுப்பாத்தானே இருந்துச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

லீன் ஆக்கும்போது முதலில் வேகம் கூடத்தான் செய்யும், ஆளை ஏமாற்றுவதே அதுதான். ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், ஆனால் அதிக சக்தி கிடைப்பது 12.5, 13 பக்கம். ரிச்சிலிருந்து அங்கே வரும்வரை படகு பறக்கும், அதைத் தாண்டினால் சூடு. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல்தான் பிஸ்டனைக் குளிர வைக்கிறது, ஆயிலைக் கொண்டுபோவதும் அதே பெட்ரோல்தான். லீன் ஆக்கினால் இரண்டும் சேர்ந்து குறைகிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? வழக்கத்தைவிட இரண்டு நம்பர் பெரிய ஜெட்டில் தொடங்குங்கள். புது பிளக் போடுங்கள். இன்ஜின் சூடானதும் ஆழமான இடத்தில் ஃபுல் திராட்டிலில் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். திராட்டிலைக் குறைக்காமல், அப்படியே இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்சை இழுங்கள். படகு சட்டென்று அமுங்கும், பின்னால் வரும் அலை பின்பக்கம் ஏறப் பார்க்கும், அதனால் எல்லாரும் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், யாரும் நிற்கக் கூடாது. அங்கேயே, கடலிலேயே, கையுறை போட்டு பிளக்கைக் கழற்றுங்கள். முனையைப் பார்க்காதீர்கள். டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, பீங்கான் உள்ளே இரும்போடு சேரும் அடியைப் பாருங்கள். அங்கே இளம் பழுப்பில் ஒரு வளையம் தெரிந்தால் போதும். அதற்குமேல் நூறு ஆர்.பி.எம்.முக்கு ஆசைப்படாதீர்கள். பீங்கான் வெள்ளையாக, கண்ணாடி மாதிரி மினுங்கி, மேலே ஊசிமுனை அளவு வெள்ளிப் புள்ளிகள் இருந்தால் அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம். உடனே பெரிய ஜெட்.

இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு பிளக்கையும் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் பைலட் ஸ்க்ரூவைத் திருகுவது

கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்தின் கலவையைச் சரிசெய்யும் அந்த ஸ்க்ரூவின் ஆட்சி ஐடிலிலிருந்து கால் திராட்டில் வரைதான். மெதுவாக மூடி (இறுக்கினால் முனை நசுங்கும்), மேனுவல் சொல்லும் சுற்று திறந்து, படகைக் கட்டிப்போட்டு, இன்ஜின் சூட்டில், கியரில் வைத்து அரைக்கால் சுற்றாகச் சரிபாருங்கள். திராட்டிலைக் கொடுத்ததும் கார்புரேட்டர் வழியே தும்மினால் லீன், அரைக்கால் சுற்று ரிச் பக்கம் போங்கள். ரிச் பக்கம் எது என்பது மாடலுக்கு மாடல் மாறும். சில இன்ஜினில் ஸ்க்ரூ பெட்ரோலை அளக்கும், சிலதில் காற்றை.

காற்று இழுக்கிற இன்ஜினுக்கு ஜெட் மாற்றுவது

கேஸ்கெட், ரீட் வால்வு, கிராங்க் சீல், பெட்ரோல் குழாய் மூட்டு. முதலில் இவற்றில் எங்காவது கசிந்து வெளிக்காற்றை இழுக்கிறதா பாருங்கள். ஃபுல் ஓட்டத்தில் இன்ஜின் திணறும்போது குழாயில் இருக்கும் ரப்பர் பந்தை அமுக்கிப் பாருங்கள், உடனே தேறினால் கோளாறு பம்பிலோ குழாயிலோ இருக்கிறது, ஜெட்டில் இல்லை.

ஜெட்டைக் கம்பியால் குத்துவது, டிரில் போடுவது

கூடாது. நம்பர் போட்ட ஜெட் வாங்குங்கள்.

மதிய வெயிலில் வைத்த ஜெட்டோடு மார்கழி விடியலில் போவது

40 டிகிரி காற்றைவிட 25 டிகிரி காற்று ஏறக்குறைய 5 சதவீதம் அடர்த்தி கூடியது. உள்ளே போகும் காற்று கூடும் அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் கூட்டித் தராது. சித்திரை மதியத்தில் விளிம்பில் வைத்த கலவை மார்கழியில் லீன்.

இப்போது பங்க்கில் வரும் இ20 பெட்ரோலும் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இதோடு சேர்ந்துகொள்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் 14.7 என்ற கணக்கு 13.5 பக்கம் இறங்கிவிடுகிறது, அதாவது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வைத்த அதே ஜெட் இன்று லீன். பழைய குறிப்பேட்டைப் பார்த்து ஜெட் போடுகிறவர்கள் கட்டாயம் மறுபடி கடலில் பிளக் பார்க்க வேண்டும். எத்தனால் கடல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் அதிகமானால் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். வாரக்கணக்கில் படகு கரையில் கிடந்திருந்தால் அந்தப் பெட்ரோலில் டியூன் பார்க்க வேண்டாம். டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றித் தொடங்குங்கள்.