தினமும் வேலைக்குப் போக எடை குறைந்த எலெக்ட்ரிக் ரோடு சைக்கிள்: புதுச்சேரி, கடலூர் சாலைக்கு எப்படித் தயார் செய்வது?

நம்ம ஊர் தட்டை. கோரிமேட்டு ஏற்றம், ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடு, அப்புறம் ஆற்றுப் பாலங்கள், இவற்றை விட்டால் ஏறுவதற்கு ஒன்றும் கிடையாது. கொஞ்சம் பழகிய கால், இந்தச் சாலையில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தானே பிடித்துவிடும், அந்த வேகம் வந்ததும் மோட்டார் விலகிக்கொள்ளும். ஆக, நல்ல நாட்களில் பாதித் தூரம் மோட்டார் இல்லாமல்தான் ஓட்டப் போகிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன், மோட்டாரைப் பற்றி யோசிக்கும் முன்பு அதை ஒரு நல்ல சைக்கிளாக அமைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றுக்கும், சிக்னலில் கிளம்புவதற்கும், ஆபீஸில் சட்டை நனையாமல் போய் நிற்பதற்கும் மோட்டார் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் டயரும் சீட்டும் செயினும்தான் தீர்மானிக்கின்றன.

வாங்கும்போதே சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், உதவி 25 கி.மீ. வேகத்தோடு நிற்கிறது என்றால் அது இங்கே சைக்கிள்தான். ஆர்.சி., லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். ஆனால் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த சில மாடல்கள் 45 கி.மீ. வரை தள்ளும், அது இங்கே மோட்டார் வாகனக் கணக்கில் போய்விடும், எனவே எந்த வேகத்தில் மோட்டார் நிற்கும் என்று கடைக்காரரிடம் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் பல வீடுகளில் பிரான்ஸில் இருக்கும் சொந்தக்காரர் லீவுக்கு வரும்போது கொண்டு வரட்டும் என்று நினைப்பார்கள். நடக்காது. 160 வாட்-ஹவருக்கு (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் எடுத்து வர முடியாது, இந்தச் சைக்கிள்களின் பேட்டரி அதைத் தாண்டித்தான் இருக்கும்.

எவ்வளவு பேட்டரி போதும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இந்த வகையில் நிறைய சைக்கிள்களில் வருவது மாலே எக்ஸ்35 என்ற அமைப்பு: பின் சக்கர ஹப்புக்குள் (சக்கரத்தின் நடு உருளை) மோட்டார், ஃபிரேமின் கீழ்க் குழாய்க்குள் சுமார் 250 வாட்-ஹவர் பேட்டரி, எல்லாம் சேர்த்து மூன்றரைக் கிலோ. மோட்டார் 25 கி.மீ. வேகத்தில் சராசரியாக 100 வாட் எடுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 4 வாட்-ஹவர் செலவு, அதாவது 60 கி.மீ. வரும். அதே மோட்டாரை எப்போதும் முழு உதவியில் வைத்து ஓட்டினால் செலவு மூன்று மடங்கு ஆகி, இருபது கி.மீ.யிலேயே பேட்டரி காலி. புதுச்சேரியிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் இருபத்துச் சொச்சம் கி.மீ. தூரம். போக வர ஒரே சார்ஜில் முடியும், ஆனால் அது நீங்கள் உதவியை எந்த அளவில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சீட் உயரம் முதல் வேலை. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் மேல் வைத்து அதைக் கீழே கொண்டு போங்கள், கால் முழுதாக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சின்ன மடிப்பு இருக்கும், அதுதான் சரி. ரோடு சைக்கிளின் ஹேண்டில்பார் பந்தயத்துக்காகத் தாழ்வாக வருகிறது. முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் நெரிசலில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டியிருக்கும் என்பதால், ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) மேலே இருக்கும் வளையங்களைக் கீழே மாற்றச் சொல்லி அதை உயர்த்திக்கொள்ளுங்கள். பிரேக் குழாய் உள்ளே ஓடும் மாடலாக இருந்தால் கடையில்தான் செய்ய முடியும், வாங்கும் அன்றே கேட்டுவிடுவது நல்லது. ஷூவை மாட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் தினசரிப் பயணத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. நிமிஷத்துக்கு ஒருமுறை கால் ஊன்ற வேண்டிய சாலை இது, சாதாரணத் தட்டைப் பெடல் போதும்.

டயரில்தான் பணத்தைப் போட வேண்டும். கூடவே வரும் டயர் பெரும்பாலும் 25 அல்லது 28 மி.மீ. ஃபிரேமும் ஃபோர்க்கும் இடம் கொடுத்தால் 32க்குப் போங்கள், உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை இருப்பதாகப் பார்த்து. சாலையோரத்தில் மணல், ஜல்லி, பாட்டில் கண்ணாடி எல்லாம் கிடக்கிறது, பஸ் பின்னால் வந்து ஹாரன் அடிக்கும்போது அந்த ஓரத்துக்குத்தான் இறங்குவீர்கள். காற்றை டயரில் போட்டிருக்கும் அதிகபட்ச அளவுக்கு ஏற்றாதீர்கள். 70 கிலோ ஆளுக்கு 32 மி.மீ. டயரில் 55 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) முதல் 60 வரை போதும், கை மரத்துப் போகாது, குழியில் ரிம் அடிவாங்காது, மழையில் பிடிப்பும் இருக்கும். பின் சக்கரத்தில் மோட்டார் எடையும் பையும் சேர்வதால் அங்கே ஐந்து பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளுங்கள்.

பஞ்சர் விஷயத்தை வீட்டிலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஹப் மோட்டார் சக்கரத்தைக் கழற்ற, மோட்டாருக்குப் போகும் கனெக்டரைப் பிரிக்க வேண்டும், அச்சு போல்ட்டையும் சாவி போட்டுக் கழற்ற வேண்டும், மறுபடி மாட்டும்போது கனெக்டரில் இருக்கும் அம்புக்குறிகள் நேருக்கு நேர் வர வேண்டும். தவளக்குப்பத்தில் இருட்டில் நின்றுகொண்டு இதைக் கற்றுக்கொள்ள முடியாது. இதற்காகவே பின்னால் டியூப்லெஸ் போடச் சொல்கிறேன், சின்ன ஓட்டையை உள்ளே இருக்கும் திரவமே அடைத்துவிடும், பெரிய ஓட்டை என்றால் சக்கரத்தைக் கழற்றாமலே வெளியிலிருந்து திரி குத்திவிடலாம். நம்ம வெயிலுக்கு அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றுங்கள். இன்னொன்று: ரோடு சைக்கிளின் வால்வு மெல்லிசு, தெருமுனை சைக்கிள் கடைப் பம்பு அதில் உட்காராது. வால்வின் மேல் திருகிக்கொள்ளும் பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கும், பையில் ஒன்று, வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டியூப்லெஸ் ஆனாலும் உங்கள் அளவு டியூப் ஒன்று பையில் இருக்கட்டும், வழியில் உள்ள கடைகளில் அந்த அளவு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

முதுகில் பை வேண்டவே வேண்டாம். இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் முதுகுப்பை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் மிதித்தால் மோட்டார் எவ்வளவு உதவினாலும் சட்டை ஒட்டிக்கொள்ளும். ஃபிரேமில் கேரியர் மாட்டும் துளைகள் உள்ள மாடலாக வாங்கி, லேசான அலுமினியக் கேரியர் போட்டு, பக்கவாட்டில் தொங்கும் தண்ணீர் புகாத பை ஒன்றை மாட்டுங்கள். லேப்டாப், சாப்பாட்டு டப்பா, மாற்றுச் சட்டை மூன்றும் அதில் அடங்கும். துளை இல்லாத ஃபிரேமுக்குச் சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பை போதும். கார்பன் சீட் போஸ்ட்டில் (சீட்டைத் தாங்கும் குழாய்) மட்டும் கேரியரை இறுக்கிப் பிடிக்க வைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

மட்கார்டு கட்டாயம், முழு நீளமாக. 32 மி.மீ. டயரோடு மட்கார்டும் நுழைய ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாதாரண மழைக்கு இந்தச் சைக்கிள்கள் தாங்கும், தண்ணீரில் இறக்குவதற்குச் செய்தவை அல்ல. ஹப் முங்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் இறங்கித் தள்ளவும் வேண்டாம், திரும்பிவிடுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அப்படிப்பட்ட நாட்களில் சைக்கிள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

மழையை விட நான் பயப்படுவது உப்புக்காற்றுக்கு. கடலிலிருந்து இரண்டு மூன்று கி.மீ.க்குள் வீடோ ஆபீஸோ இருந்தால், துடைக்காமல் விட்ட செயின் சில நாளிலேயே சிவக்க ஆரம்பித்துவிடும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் சைக்கிள் முழுக்கத் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை. செயினைத் துடைத்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு சைக்கிள் செயின் எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதைத் துடைத்து எடுத்துவிடுங்கள், வெளியே நிற்கும் எண்ணெய் மணலைத்தான் பிடிக்கும். பிரேக்கின் டிஸ்க் தட்டில் எண்ணெய் ஒரு துளிகூடப் படக் கூடாது. துருப்பிடிக்கிற போல்ட்டுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றுங்கள், போடும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள். உலோகச் சீட் போஸ்ட்டையும் சில மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிரீஸ் போட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஃபிரேமோடு ஒட்டிப்போய் எதற்கும் அசையாது. மோட்டார் கனெக்டரிலும் சார்ஜ் துளையிலும் மின் இணைப்புகளுக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாக. டூவீலர் வாட்டர் சர்வீஸ் கடைப் பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள், அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர் பேரிங்குக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் போய்விடும்.

லைட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம்: பின்னால் பகலிலும் கண்ணுக்குப் படும் சிவப்பு லைட், முன்னால் குழி தெரியும் அளவுக்கு வெள்ளை லைட், முன்னும் பின்னும் ரிஃப்ளெக்டர். கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி பக்கம் இரவில் ஓட்டுபவர்கள் கணுக்காலில் ரிஃப்ளெக்டர் பட்டையும் கட்டிக்கொள்ளுங்கள், மிதிக்கும்போது அது மேலும் கீழும் ஆடுவதால் லாரி டிரைவருக்கு சைக்கிள் என்று சட்டென்று தெரியும்.

பேட்டரி ஃபிரேமுக்குள்ளேயே இருக்கிற மாடலில் சைக்கிளைத்தான் பிளக் இருக்கிற இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். மாடி வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இது. எடை குறைந்த இந்த வகைச் சைக்கிள் 13 கிலோ என்றால் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஏறலாம், 23 கிலோ சாதாரண எலெக்ட்ரிக் சைக்கிளில் தினமும் அது நடக்காது. ஆபீஸில் சார்ஜ் போட அனுமதி கேட்கும்போது ஒரு முழு சார்ஜுக்குக் கால் யூனிட்டை ஒட்டித்தான் கரண்ட் செலவாகும் என்று சொல்லுங்கள், பெரும்பாலும் சம்மதித்துவிடுவார்கள். கூட வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருகாதீர்கள். 36 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறினால் 42 வோல்ட், அதில் முனை பொருந்துகிறது என்று எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜரைப் போட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கத்திரி வெயிலில் நின்ற சைக்கிளை உடனே சார்ஜில் போடாமல் நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். ஊருக்குப் போகிறீர்கள், வாரக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் நிறுத்திவிட்டுப் போங்கள்.

இப்போது மோட்டார் உதவி. பல அமைப்புகளில் ஃபோன் ஆப் வழியாக ஒவ்வொரு நிலையும் எத்தனை சதவீதம் உதவ வேண்டும் என்று மாற்றலாம். முதல் நிலையை 30 சதவீதத்துக்குக் கொண்டு வாருங்கள், நடுநிலை 60, மூன்றாவது முழுசு. தினசரி ஓட்டம் முதல் நிலையில். சிக்னலில் நிற்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், ஹப் மோட்டார் குறைந்த வேகத்தில் கரண்டை நிறைய விரயம் செய்யும், கிளம்பும்போது கால் லேசாகச் சுற்றினால் மோட்டாரும் சீக்கிரம் நல்ல வேகத்துக்கு வந்துவிடும். நிமிஷத்துக்கு 70, 80 சுற்று மிதிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் காற்று. கடலூர் சாலை கிட்டத்தட்ட வடக்கு தெற்காக ஓடுகிறது. வடகிழக்குப் பருவக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து காலையில் கிளம்புகிறவருக்குக் காற்று பின்னால் இருக்கும், சாயங்காலம் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். சுண்ணாம்பாறு, பெண்ணையாற்றுப் பாலங்களில் மறைப்பே இல்லாததால் அங்கே இன்னும் கூடுதல். அதனால் இந்த மாதங்களில் காலையில் உதவியை அணைத்துவிட்டு அல்லது முதல் நிலையிலேயே போய், பேட்டரியில் முக்கால் பங்கையாவது சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்கு வருகிறவர் இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும், காலையில்தான் அவருக்குச் செலவு, ஆபீஸ் சார்ஜ் அவருக்குத்தான் அதிகம் தேவைப்படும். வெயில் மாதங்களில் மதியத்துக்குப் பிறகு கடல்காற்று கிழக்கிலிருந்து பக்கவாட்டில் தள்ளும், அதற்கு உதவியைக் கூட்டுவதை விட ஹேண்டில்பாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்து ஓட்டுவது நன்றாக வேலை செய்கிறது. முதல் வாரம் வீடு திரும்பியதும் எத்தனை சதவீதம் மிச்சம் என்று ஃபோனில் குறித்து வையுங்கள். தினமும் 40க்கு மேல் மிச்சம் இருந்தால் நடுநிலையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், 15க்குக் கீழே இறங்கினால் முதல் நிலையை இன்னும் ஐந்து சதவீதம் குறைத்துப் பாருங்கள்.